நெல்லைச் சீமையில் வேலை நிலவரம்: ஒரகடத்தை விட்டு ஊருக்கு வரலாமா?

தம்பி, உங்கள் கேள்வி நீளமாக இருந்தது. மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் சுருக்கிவிடுகிறேன். சொந்த ஊர் ஆலங்குளம் பக்கம். மெக்கானிக்கல் டிப்ளமோ. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் வேலை, பிடித்தம் போகக் கையில் 19,000 ரூபாய். நாட்டில் வேலையின்மை 3.2 சதவீதம்தான் என்று படிக்கிறீர்கள். கங்கைகொண்டானில் சோலார், தூத்துக்குடியில் கார் என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறது. ஆனால் வீட்டில் அம்மா இன்னும் பீடிதான் சுற்றுகிறார், கூடப் படித்தவன் அப்பாவின் பலசரக்குக் கடையில் உட்கார்ந்திருக்கிறான். கொரோனாவுக்குப் பிறகு எல்லாம் மீண்டுவிட்டது என்றால் நம் ஊரில் ஏன் தெரியவில்லை, இந்த நேரத்தில் வேலையை விட்டுவிட்டு வரலாமா என்பது உங்கள் கேள்வி.

கையில் ஆர்டர் இல்லாமல் வராதீர்கள். ஆர்டரோடு வரலாம், ஆனால் அந்த ஆர்டரில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு. பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு வேலை பிடித்துக் கொடுக்கும் இடத்தில் பல வருஷம் இருந்தவன் நான். அங்கே உட்கார்ந்து பார்த்ததையும் படித்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த 3.2. மத்தியப் புள்ளியியல் துறை எடுக்கும் தொழிலாளர் கணக்கெடுப்பில் 2017-18-ல் வேலையின்மை 6.1 சதவீதம், 2023-24-ல் 3.2. எண்ணில் பொய் இல்லை. யாரை ‘வேலையில் இருப்பவர்’ என்று எண்ணுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்த 3.2 ஒரு வருஷத்தை மொத்தமாகப் பார்க்கும் கணக்கு. வருஷத்தில் பெரும்பகுதி சும்மா இருந்தவர்கூட இடையில் ஒரு 30 நாள் ஏதாவது தொழில் செய்திருந்தால் வேலையில் இருப்பவராகிவிடுவார். வாரக் கணக்கு என்று இன்னொன்று உண்டு. அதில் கடந்த 7 நாளில் ஏதோ ஒரு நாள் 1 மணி நேரம் வேலை செய்திருந்தாலே போதும். அந்தக் கணக்கில் அதே வருஷம் 4.9 சதவீதம். கடையில் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் நண்பனும் இரண்டிலும் வேலையில் இருப்பவன்தான். ‘குடும்பத் தொழிலில் உதவுபவர்’ என்று அவனுக்குத் தனிப் பெயரே உண்டு. நாடு முழுக்க வேலை செய்பவர்களில் இப்படிச் சம்பளமில்லாமல் உதவுபவர்கள் 2018-19-ல் 13.3 சதவீதமாக இருந்தார்கள், 2022-23-ல் 18.3. வேலையின்மை குறைந்த அதே காலத்தில் இது கூடியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் நம் ஊர் தெரியும்.

உங்கள் அம்மாவின் வேலையையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் ஆலங்குளம், முக்கூடல், கடையம், மேலப்பாளையம் என்று இந்தச் சீமையில் பாதி வீட்டுக்கு இது பொருந்தும். பீடிக்கடையில் இலையும் தூளும் நிறுத்துக் கொடுப்பார்கள். இலையை நனைத்து, தகரத் துண்டை அளவுக்கு வைத்துக் கத்தரியால் வெட்டி, மடியில் சுளகை வைத்துக்கொண்டு சுற்றி, நூல் கட்டி, 25 பீடியை ஒரு கட்டாக்கிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கணக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. கொடுத்த இலையில் ஓட்டையும் பழுப்பும் இருந்து எண்ணிக்கை வராவிட்டால் கைக்காசு போட்டு இலை வாங்கி நிறைக்க வேண்டும். கட்டில் குறை கண்டால் கழித்துவிடுவார்கள். கழித்ததற்குக் கூலி கிடையாது.

இந்தத் தொழிலில் மந்தம் வந்தால் யாரையும் வேலையை விட்டு நிறுத்த மாட்டார்கள். இலையைக் குறைப்பார்கள், அவ்வளவுதான். வாரம் ஆறு நாளைக்கு இலை கொடுத்த கடை மூன்று நாளைக்குக் கொடுக்கும். பாஸ்புக் அப்படியே இருக்கும், பி.எப். கணக்கு அப்படியே இருக்கும், கணக்கெடுக்க வருபவரிடம் அம்மா ‘பீடி சுத்துதேன்’ என்றுதான் சொல்வார். வருமானம் மட்டும் பாதி. நிலைமை சீரானால் மூன்று நாள் நான்கு நாளாகும், அதையும் எந்தப் புள்ளிவிவரமும் புதிய வேலை என்று எழுதாது. ஆக, நம் பக்கத்தில் மந்தமும் மீட்சியும் ஆள் எண்ணிக்கையில் தெரிவதில்லை. நாள் எண்ணிக்கையில்தான் தெரியும். பஸ் ஸ்டாண்டில் சுமை தூக்கும் அண்ணாச்சி ஒருவர் என்னிடம் சொன்னார்: “வேலைக்கு என்ன கொறச்சல் சார், கூலிக்குத்தான் கொறச்சல்.”

அடுத்து, மீட்சிக் காலத்தில் வேலை எந்த வரிசையில் திரும்புகிறது என்பது. நம் ஊருக்கு மட்டுமல்ல, எங்கும் இதுதான். ஆர்டர் கூட ஆரம்பித்ததும் எந்த முதலாளியும் ஆளெடுக்க மாட்டார். இருக்கிற ஆளுக்கு ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை, கொடுப்பார். அதுவும் போதாமல் போனால் காண்ட்ராக்டரிடம் ஆள் கேட்பார். ஆர்டர் நிலைக்கும் என்று நம்பிக்கை வந்த பிறகுதான் கம்பெனி ரோலில், தன் சொந்த ஆளாக, எடுப்பார். உற்பத்திக் கணக்கு உயர்ந்து ஓரிரு வருஷம் கழித்துத்தான் பெர்மனென்ட் வேலை எட்டிப் பார்க்கும், சில சமயம் அதுவும் கிடையாது. உங்கள் ஒரகடம் கம்பெனியிலேயே இதைப் பார்த்திருப்பீர்கள்.

கிராமத்தில் இதற்கு நேர்மாறான வரிசை ஒன்று ஓடும். வேலை போனவன் முதலில் நிலத்துக்கு வருவான். நாட்டில் வேலை செய்பவர்களில் விவசாயத்தில் இருப்பவர்களின் பங்கு 2018-19-ல் 42.5 சதவீதம், 2020-21-ல் 46.5 ஆனது. பல பத்தாண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்த எண் அது. பொருளாதாரம் மீண்டபின் பழையபடி இறங்கியிருக்க வேண்டும். 2023-24-லும் 46.1. தாமிரபரணிப் பாசனத்தில் கார் பருவம், பிசானப் பருவம் என்று இரண்டு போகமும் நடவு ஆனாலும், அறுப்பு மிஷின் வந்துவிட்ட வயலில் இத்தனை பேருக்கு என்ன வேலை என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். 100 நாள் வேலையும் அப்படித்தான். நாடு முழுக்க 2019-20-ல் சுமார் 265 கோடி மனித நாட்கள் நடந்த அந்தத் திட்டம் 2020-21-ல் சுமார் 389 கோடிக்குப் போனது. தமிழ்நாட்டில் அப்போது ஒரு நாள் கூலி 256 ரூபாய். அதற்கு அத்தனை பேர் மண்வெட்டியைத் தூக்கினார்கள் என்றால் வேறு வழியில்லை என்று அர்த்தம்.

நெல்லைக்கென்று தனியாக ஒரு சங்கதி உண்டு. நம் வேலைச் சந்தை நம் ஊரில் இல்லை. சென்னையில் அண்ணாச்சி கடை, திருப்பூரில் பனியன் கம்பெனி, கேரளாவில் கட்டட வேலை, மும்பையில் தாராவி, கடையநல்லூர் மேலப்பாளையத்துக்காரர்களுக்கு வளைகுடா. இது நேற்று வந்த பழக்கமில்லை; தாராவிக்கு நம்மவர்கள் போக ஆரம்பித்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. அதனால் மீட்சி நமக்கு மணியார்டராகத்தான் வந்து பழக்கம், இப்போது ஜிபேயில் வருகிறது. அங்கே சம்பளம் சீரானதும் இங்கே பாதியில் நின்ற வீட்டுக்கு மாடி ஏறும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வேலை வரும், சிமெண்ட் கடைக்காரர் ஒரு பையனைச் சேர்ப்பார், பிறகு நகைக்கடை, ஜவுளிக்கடை. பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட் கேரள வியாபாரிகளை நம்பி நிற்கிறது; அங்கே கிராக்கி இறங்கினால் இங்கே சுமை தூக்குபவருக்குக் கூலி இறங்கும். வெளியூர் தும்மினால் நமக்குத்தான் ஜலதோஷம். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருளுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. திருப்பூர் ஆயத்த ஆடைக்கும் தூத்துக்குடி இறாலுக்கும் விழுந்த அடி அது.

வண்ணார்பேட்டை பக்கம் பெரிய ஜவுளிக்கடைகளில் ‘ஆட்கள் தேவை’ போர்டு பார்த்துவிட்டு நிலைமை நன்றாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆடிக்கும் தீபாவளிக்கும் அந்த போர்டு தொங்கும், தை பிறந்ததும் போய்விடும். நாள் முழுக்க நிற்க வைக்கிறார்கள் என்று 2021-ல் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாகவே போட வேண்டியிருந்தது. அது எந்த மாதிரி வேலை என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

‘வடக்கே இருந்து வந்தவன் வேலையைப் பிடுங்கிக்கொண்டான்’ என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள். புரோட்டாக் கடையிலும் கட்டட சைட்டிலும் பீகார், ஒடிசா, அசாம் பையன்கள் நிற்பது உண்மை. நம் பையன் அந்த இடத்தை விட்டுச் சென்னைக்கும் கோவைக்கும் போன பிறகுதான் அவன் வந்தான். சைட்டிலேயே தங்கி 12 மணி நேரம் நிற்பவனை காண்ட்ராக்டர் விட மாட்டார். சென்னையில் பலசரக்குக் கடைக்குப் பின்னாலேயே படுத்துறங்கி முன்னேறிய ஊர் நம்முடையது. இதைக் குறை சொல்ல நமக்கு வாய் கிடையாது.

இனி நீங்கள் கேட்ட புதுத் தொழிற்சாலைகள். கங்கைகொண்டான் சிப்காட்டில், அதாவது அரசுத் தொழிற்பேட்டையில், டாடா பவரின் சோலார் ஆலையை 2025 பிப்ரவரியில் முதலமைச்சர் திறந்துவைத்தார். வருஷத்துக்கு 4.3 ஜிகாவாட் அளவுக்கு சோலார் ‘செல்’, அவற்றைக் கோத்த ‘மாட்யூல்’ பலகை இரண்டும் செய்யும் ஆலை. விக்ரம் சோலாரும் அங்கே வருகிறது. தூத்துக்குடி பக்கம் சில்லாநத்தத்தில் வியட்நாம் கம்பெனி வின்பாஸ்ட் 2025 ஆகஸ்ட் 4-ல் கார் ஆலையைத் திறந்தது. முதல் கட்டத்தில் வருஷத்துக்கு 50,000 கார் செய்யும் வசதி. இவை வெற்று அறிவிப்பு இல்லை, ஆள் எடுத்திருக்கிறார்கள். அறிவிப்போடு இழுத்துக்கொண்டே போன நாங்குநேரி சிறப்புப் பொருளாதார மண்டலத்தை நம்பி இடம் வாங்கிப் போட்டவர்களிடம் கேட்டால் வித்தியாசம் சொல்வார்கள்.

சோலார் ஏன் இங்கே வந்தது என்பது முக்கியம். 2022 ஏப்ரல் 1 முதல் இறக்குமதி மாட்யூலுக்கு 40 சதவீதம், செல்லுக்கு 25 சதவீதம் சுங்க வரி போட்டார்கள். உள்நாட்டில் செய்தால்தான் கட்டுப்படியாகும் என்ற நிலை வந்தது. துறைமுகமும் நான்கு வழிச்சாலையும் பக்கத்திலேயே இருக்கின்றன, இடமும் மலிவு. ஊர்க்காரன் கையில் பணம் புரண்டு அதனால் வந்த ஆலை இல்லை, கொள்கை வரைந்த கோட்டில் வந்த ஆலை. வரி மாறினால் கணக்கும் மாறும். பயமுறுத்தச் சொல்லவில்லை, தெரிந்துகொண்டு சேருங்கள் என்று சொல்கிறேன்.

யாரை எடுக்கிறார்கள்? கங்கைகொண்டான் சோலார் ஆலையில் பெரும்பாலும் பெண்கள். பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்த, இருபதை ஒட்டிய பெண்கள். கண்ணும் கையும் நிதானமாக இருக்கும், அடிக்கடி வேலை மாற மாட்டார்கள் என்று மனிதவள அதிகாரிகள் காரணம் சொல்வார்கள். எதிர்த்துக் கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற கணக்கும் உள்ளே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். எப்படியோ, பீடிச் சுளகிலிருந்து ஒரு தலைமுறைப் பெண்கள் எழுந்து கம்பெனி வண்டி ஏறுவது இந்தச் சீமையில் பெரிய விஷயம். 2021 மே மாதம் முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனதும் இதற்கு உதவியது. கிராமத்திலிருந்து வண்ணார்பேட்டைக்கோ ஜங்ஷனுக்கோ வந்து வேலை தேடும் செலவு போயிற்று. உங்களுக்குத் தங்கை இருந்தால் கங்கைகொண்டானுக்கு முதலில் அவளை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். உங்களைவிட அவளுக்கு அங்கே வாய்ப்பு அதிகம்.

உங்களுக்கு அங்கே இடமிருப்பது உற்பத்தி லைனில் இல்லை, பராமரிப்பில். மிஷின் ஓடாமல் நின்றால் ஓடி வந்து பார்க்கும் ஆள் எந்த ஆலைக்கும் வேண்டும். வெறும் மெக்கானிக்கல் போதாது, சென்சார், மிஷினை இயக்கும் பி.எல்.சி. கண்ட்ரோலர், காற்றழுத்தத்தில் ஓடும் நியூமாட்டிக் லைன் தெரிந்திருக்க வேண்டும். ஒரகடத்தில் இருந்துகொண்டே இதைக் கற்றுக்கொள்ளலாம், மெயின்டனன்ஸ் பக்கம் மாற்றல் கேட்டுப் பாருங்கள். மின்சாரம் எடுக்கும் காத்தாடிப் பக்கமும் ஒரு கண் வையுங்கள். கயத்தாறு, ராதாபுரம், முப்பந்தல் வட்டாரத்தில் முப்பது வருஷப் பழசான சிறிய காத்தாடிகள் நிறைய நிற்கின்றன. அவற்றை எடுத்துவிட்டுப் பெரியவை வைக்கவும் பழையதைப் புதுப்பிக்கவும் 2024-ல் மாநில அரசு கொள்கை வெளியிட்டது. கோபுரம் ஏறப் பயமில்லாத, மெக்கானிக்கலும் எலக்ட்ரிக்கலும் கலந்து தெரிந்த பையனுக்கு இங்கே வேலை உண்டு. மே முதல் செப்டம்பர் வரை காற்றுக் காலம், அப்போது லீவு கேட்க முடியாது.

கட்டும் வேலையையும் ஓட்டும் வேலையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நம் ஊர்ப் பையன்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கூடங்குளத்தில் 3-வது முதல் 6-வது அணு உலை வரை கட்டுமானம் நடக்கிறது. கம்பி கட்டுபவர், பைப் பிட்டர், ஆர்கான் வெல்டர் என்று ஏகப்பட்ட கிராக்கி, நல்ல வெல்டருக்கு உங்களைவிட அதிகச் சம்பளம். ஆனால் கட்டி முடிந்ததும் அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதிக்கு அங்கே வேலை இல்லை. உலையை ஓட்டும் ஆட்கள் குறைவு, அவர்களை அணுமின் கழகம் அகில இந்தியத் தேர்வில் எடுக்கும். கங்கைகொண்டானோ தூத்துக்குடியோ, ஆலை எழும்பும் காலத்தில் கிடைக்கும் வேலையை அந்தந்த ஆலையின் வேலை என்று நினைத்து ஒரகடத்தை விட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

திரும்பி வராத வேலைகளும் உண்டு. தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலை 2018 மே மாதம் மூடப்பட்டது. 13 உயிர் போன துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு மூடிய ஆலை அது, 2024-ல் உச்ச நீதிமன்றமும் திறக்க அனுமதி மறுத்துவிட்டது. அதை நம்பியிருந்த லாரிக்காரர்கள், சிறு காண்ட்ராக்டர்கள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் 1929-ல் போட்ட 99 வருஷக் குத்தகை. முடிவதற்கு முன்பே 2024-ல் தொழிலாளர்களை விருப்ப ஓய்வு எழுதி வாங்கி இறக்கினார்கள். கோவில்பட்டித் தீப்பெட்டி இன்னும் மூச்சு விடுகிறது. 14 வருஷம் 1 ரூபாயாகவே இருந்த பெட்டி 2021 டிசம்பரில் 2 ரூபாயானது, 20 ரூபாய்க்குக் குறைவான சிகரெட் லைட்டர் இறக்குமதியை 2023-ல் தடுத்தார்கள். அதனால் தொழில் தப்பியிருக்கிறது. பையன்களுக்கு வேலை கொடுக்கும் தொழிலாக அதை நான் பார்க்கவில்லை.

இன்னொன்று, 2020-ஐ மட்டும் வைத்து நம் ஊர் மீட்சியை அளக்க முடியாது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை மறந்துவிட வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. கொரோனாக் கடனை அப்போதுதான் அடைத்து முடித்த கடைக்காரர்கள் பலர் சரக்கு முழுவதும் சேற்றில் போய் மறுபடி மகளிர் குழு லோனுக்கும் தண்டலுக்கும் போனார்கள். கடனில் இருக்கும் கடை ஆள் சேர்க்காது. வீட்டுப் பையனைத்தான் உட்கார வைக்கும். உங்கள் நண்பன் கதையும் இதில் ஏதோ ஒரு வகையில் சேரும் என்று நினைக்கிறேன்.

உங்கள் கணக்குக்கு வருவோம். ஒரகடத்தில் 19,000 வாங்கி அறை வாடகைப் பங்கு, மெஸ், மாதம் ஒரு முறை ஊருக்கு பஸ் என்று 9,000 போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் தங்கி 14,000 வாங்கினாலே அதைவிட மிச்சம் பிடிக்கலாம். அதனால் இங்கே சம்பளம் குறைவு என்பதை மட்டும் வைத்து வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அப்ரண்டிஸ் என்று சேர்க்க வந்தால் நிதானியுங்கள். 2019 விதித் திருத்தப்படி டிப்ளமோவுக்கு உதவித்தொகை குறைந்தபட்சம் 8,000 ரூபாய் என்று வைத்தார்கள், அதை ஒட்டித்தான் பல இடத்தில் கொடுக்கிறார்கள். அனுபவமுள்ள நீங்கள் அதற்குப் போகத் தேவையில்லை.

ஆர்டர் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, வேலை கொடுப்பவர் என்ற இடத்தில் ஆலையின் பெயரா, ஆள் சப்ளை ஏஜென்சியின் பெயரா என்பது. ஏஜென்சி என்றால் நீங்கள் ஒரகடத்தில் இருக்கும் அதே நிலைக்குத்தான் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு வருகிறீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி யாரைச் சேர்த்தாலும் எழுத்தில் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு என்று நேரடியாக எடுத்தாலும் 1 வருஷம் முடித்தால் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, உண்டு. அதனால் ஏஜென்சியின் ‘நிரந்தர’ வேலையைவிடக் கம்பெனியே நேரடியாகக் கொடுக்கும் 3 வருஷ ஒப்பந்தம் மேல். பழைய பி.எப். கணக்கின் யு.ஏ.என். நம்பரையே புது இடத்திலும் கொடுங்கள், புதிதாக ஒன்று ஆரம்பிக்க விடாதீர்கள்.

ஆலங்குளத்திலிருந்து கங்கைகொண்டான் சுமார் 40 கிலோமீட்டர். இன்டர்வியூவில் சம்பளத்தைக் கேட்கும் முன்பே கம்பெனி வண்டி எந்த ஊர் வரை வருகிறது, மூன்றாவது ஷிப்டுக்கும் வருமா என்று கேட்டுவிடுங்கள். வராது என்றால் பைக் பெட்ரோலையும் கழித்துக்கொண்டு அந்த 14,000 கணக்கை மறுபடி போடுங்கள்.